குஞ்சு பொரிக்கக் கேர்னல் கட்டிய கதை

கேர்னல் கட்டுகிறவர்களுக்குக் கலியாண வீடுகளில் ஒரு கண்டம் காத்திருக்கும்: பக்கத்துக் கதிரையில் இருப்பவர், "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டுவிடுவார். இந்த வேதனை உங்களில் பலருக்கும் இருக்கும்.

யாரந்தக் கேணல்?

முள்ளியவளையில் ஒரு கலியாணம். கேட்ட ஐயாவுக்கு நானும் விளக்கினேன். கணினியின் உறுப்புகளுக்கும் அதில் ஓடும் செயலிகளுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள்தான் கேர்னல். உள்ளங்கையளவு கணினிகளுக்கு அதை அளவெடுத்துக் கட்டிக் கொடுக்கிறேன் என்றேன். மேளச் சத்தத்தில் அவர் காதில், போர்க்காலத்தில் கேட்டுப் பழகிய படைப் பட்டமான 'கேணல்' என்பது மட்டும்தான் விழுந்திருக்கிறது. அங்குமிங்கும் பார்த்துவிட்டு, குனிந்து சொன்னார்: "பிள்ளை, உந்தக் கதையெல்லாம் இப்ப வேண்டாம்."

வெட்டின வெட்டு

வற்றாப்பளைத் தவமலர் அக்கா கோழிக்குஞ்சு பொரிக்கவைத்து விற்பவர். அவருடைய பொரிக்கும் பெட்டியின் சூட்டைக் கவனிப்பது ஒரு சின்னக் கணினி. ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது, அதில் ஆயத்தமாகவே வந்திருந்த கேர்னல் ஆறுதலாக ஆடி அசைந்து எழும்பியது. எழும்பியும் சூடு அளக்கும் கருவியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஹீட்டர் எரியவில்லை. பெட்டி முட்டை முழுவதும் பாழ். "இன்னொருக்கா இப்பிடி நடந்தா பெட்டியை வித்திடுவன்" என்று சொல்லி, தண்ணீரூற்றில் உள்ள எங்கள் கணினி திருத்தும் கடையில் அதைத் தந்துவிட்டுப் போனார்.

பாட்டு, படம், பிரிண்டர் என்று பெட்டிக்குத் தேவையில்லாத பகுதிகளையெல்லாம் உற்சாகமாக வெட்டி, சூடு அளக்கும் கருவியை அடையாளம் காணும் பகுதியைச் சேர்த்து, புதுக் கேர்னல் ஒன்றைக் கட்டினேன். அந்த உற்சாகத்தில், கணினிக்கு வேண்டியதெல்லாம் குடியிருக்கும் மெமரி கார்டை வாசிக்கும் பகுதியையும் சேர்த்து வெட்டிவிட்டேன். திரையில் 'கேர்னல் பனிக்' என்று வந்து எல்லாம் உறைந்தது. நான் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். கடைக் கூட்டாளி நிஸார் எட்டிப் பார்த்தார்: "பதறிப் போனனெண்டு அதே எழுதிக் காட்டுது. நீங்களும் ஏன் தங்கச்சி பதறுறியள்?"

கும்பிட முன்னம்

கார்டு வாசிக்கும் பகுதியைத் திரும்பச் சேர்த்து, கொண்டுபோய் அக்காவின் பெட்டியில் பொருத்தினேன். அக்கா புது முட்டைகளை அடுக்கிவைத்திருந்தார். கடை மேசையில் நன்றாக ஓடியதை நம்பிவிட்டுத் திரும்ப மனமில்லை. நானே மெயின் சுவிட்சை அணைத்தேன். அக்கா கண்ணை மூடிக் கண்ணகி அம்மனைக் கூப்பிட்டார்.

சுவிட்சைப் போட்டேன். பழைய கேர்னல் என்றால் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். இது சட்டென்று எழும்பி, சூட்டை அளந்து, ஹீட்டரைப் போட்டது. அக்கா கண் திறந்தார்: "பிள்ளை, நான் கும்பிட்டு முடிக்க முன்னமே எழும்பிட்டுதே!"

சந்தேகம்

அதற்குப் பிறகும் கரண்ட் போய்ப் போய் வந்தது. பொரிக்கும் நாளில் அக்காவின் அழைப்பு வந்தது. பயந்து பயந்து எடுத்தேன். ஆள் பேசவில்லை, கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம்!

ஸ்கூட்டியில் ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டி நிறைய, ஈரம் காயாத குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. அக்கா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் அதே நிலைதான். அக்காவின் கணவர் மட்டும் நாடியைத் தடவியபடி நின்று யோசித்தார். "எல்லாம் சரி பிள்ளை. உந்தக் கேர்னல் இல்லாமல் எங்கட பேட்டுக்கோழி இவ்வளவு காலமும் எப்பிடிப் பொரிச்சது?"

இப்போதெல்லாம் தவமலர் அக்கா எனக்கு அழைப்பதேயில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது.