பவர்காரரின் காற்றுத் துப்பாக்கி

கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பவர்காரர் என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக ஊரார் கண்ணுக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவர். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு மாதமாக இருப்புக் கொள்ளவில்லை. வலது கண்ணில், பார்வையின் நட்டநடுவில், ஈரவிரல் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். துடைத்தால் போகிற இடத்திலா இருக்கிறது? கதவு நிலையைப் பார்த்தால் நேராக இருக்க வேண்டிய கோடு நடுவில் லேசாக நெளிகிறது.

சோதித்துப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொல்லிவிட்டார். படித்தது கண்ணா, வாயா என்று அவருக்கே தெரியவில்லை. மேஜை இழுப்பறையில் கட்டம் போட்ட அட்டை ஒன்று கிடக்கிறது. அதில் கோடு நெளிந்தால் விழித்திரையில் கோளாறு, பேச்சுக்கே இடமில்லை. பேச்சுக்கு இடமில்லை என்பதால்தான் அந்த இழுப்பறைப் பக்கமே அவர் கை போகவில்லை. கண் போனால் கடை போச்சு. வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது.

போன வாரம் குறிபார்த்துச் சுடும் ஆசாமி ஒருவர், அதற்கென்று தனிக் கண்ணாடி செய்துகொள்ள வந்தார். பையிலிருந்து ஓட்டை விழுந்த காகிதம் ஒன்றை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். பவர்காரருக்குப் பொறி தட்டியது. இதை மனப்பாடம் செய்ய முடியாது. ஓட்டை விழுந்த இடம் விழுந்த இடம்தான்.

அன்றிலிருந்து விளையாட்டுச் சாமான் கடைக்கு நடையாய் நடந்தார். மூன்றாவது தடவை அவரைப் பார்த்ததும் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று காற்றுத் துப்பாக்கிகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"சும்மா வீட்டுக்குப் பின்னாடி பொழுதுபோக்காதானே சார்? அப்ப இந்த கேஸ் பிஸ்டலே போதும். உருளையைப் போட்டா சுட்டுக்கிட்டே இருக்கலாம்."

"குறி மாறாதா?"

"கேஸ் குறையக் குறைய குண்டு கொஞ்சம் கீழே இறங்கும்."

"வேண்டாம். இது?"

"ஸ்பிரிங். உழைக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் உதைக்கும், கையை அசைச்சிடும்."

"அதுவும் வேண்டாம்."

மூன்றாவது, கையால் ஒரு முறை அழுத்திக் காற்றடைத்தால் ஒரே ஒரு குண்டு போகும் வகை. உதைக்காது, முதல் குண்டும் ஐம்பதாவது குண்டும் ஒரே வேகம். ஒவ்வொரு தடவையும் காற்றடிக்கக் கைதான் வலிக்கும் என்றார் கடைக்காரர். பவர்காரர் அதைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"தப்பினா அது என் தப்புதான்னு சந்தேகமில்லாம தெரியணும். இதுல தெரியுமா?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் பழியைப் போட வசதியா ஒண்ணு கேப்பாங்க. நீங்க என்ன சார், மாட்டிக்கிறதுக்குன்னே ஒண்ணு கேக்கறீங்க?"

பவர்காரர் அதையே கட்டச் சொன்னார்.

வீட்டில் வேறு பஞ்சாயத்து. அவர் மனைவி பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுக்கிறவள். நாள் முழுக்கப் பயந்த முகங்களைப் பார்த்துப் பழகியவளிடம் எதையும் பூசி மெழுக முடியாது. "இந்த வயசுல துப்பாக்கியா? ஒரு மாசமா நீங்க நீங்களாவே இல்ல. நட்டநடு ராத்திரியில எழுந்து கதவையே வெறிச்சுப் பாக்கறீங்க. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறீங்க," என்றாள்.

"ஒண்ணுமில்லதான்," என்று மென்று விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்லைச் சுவரோரம் மரப்பெட்டி ஒன்றில் பழந்துணியை அடைத்து, முகப்பில் காகிதத்தை ஒட்டி, எட்டடி எடுத்து வைத்து நின்றார். காகிதத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வட்டம். மனைவி காப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நிற்காதே என்றால் கேட்கிற ஆளா அவள்?

முதலில் இடது கண். ஐந்து குண்டு. மூன்று கறுப்புக்குள், இரண்டு வெளியே. புதுக்கைக்குக் குறைவில்லை. காகிதத்தை மாற்றினார்.

இப்போது வலது கண். காற்றடித்தார், நீட்டினார், மூச்சைப் பிடித்தார், சுட்டார். ஐந்து தடவையும் அப்படியே. மனைவி முந்திக்கொண்டு போய்க் காகிதத்தைக் கிழித்து வந்தாள். ஐந்தும் கறுப்புக்குள். நான்கு ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன.

அவருக்குள் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. திண்டாடித் திரிந்த ஒரு மாதத்தையும் அப்பாடா என்று ஒரே மூச்சில் வெளியே விட்டார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. வீண் பயம். சிரிப்புகூட வந்தது.

"இந்தத் தடவை நல்லா சுட்டீங்க," என்றாள் மனைவி. "ஆனா ஏன் கழுத்தை அப்படித் திருப்பிக்கிட்டு சுட்டீங்க? சுளுக்கிக்கப் போகுது."

"நானா?"

"அஞ்சு தடவையும். முகத்தை அந்தப் பக்கம் வச்சுக்கிட்டு ஓரக்கண்ணால பாத்தீங்க. முதல் அஞ்சுக்கு நேராதானே நின்னீங்க."

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. நடுப்பார்வை கெட்டவர்கள் செய்கிற வேலை அது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தலை தானாகத் திரும்பும். கெட்ட இடத்தை ஒதுக்கிவிட்டு ஓரத்தால் பார்க்கும். பார்க்கிறவருக்கே அது தெரியாது. எழுத்தைச் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று குஷியாக எழுந்திருப்பார்கள். அவர் விடமாட்டார். அப்படி எத்தனை பேரைத் தாடையைப் பிடித்து நேராக்கியிருக்கிறார். குண்டு தப்பியிருந்தால் கையைச் சொல்லலாம், வயதைச் சொல்லலாம். கழுத்தைத் திருப்பிக்கொண்டு தப்பாமல் சுட்டதற்கு ஒரே காரணம்தான் உண்டு.

துப்பாக்கியைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். "எனக்கு பயமா இருக்கு," என்றார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை போலிருந்தது. உள்ளே போய் அவருடைய போனை எடுத்து வந்து கையில் திணித்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் போனை எடுக்கும் பெண்ணுக்கு அவர் குரல் பல வருடப் பழக்கம். வாரம் இரண்டு பேரையாவது அங்கே அனுப்புகிறவர் அவர்.

"சொல்லுங்க சார். யாரை அனுப்பறீங்க?"

"ஆம்பளை. வயசு அம்பத்தி ரெண்டு. வலது கண்ணு, நடுவுல மங்கல். கோடு நெளியுது. சீக்கிரம் பாக்கணும்மா."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் ஆச்சு."

"ஒரு மாசமா?" அந்தப் பெண் உச்சுக்கொட்டினாள். இப்படித் தாமதமாக வருகிறவர்களைப் பற்றி இருவரும் சேர்ந்தே எத்தனையோ முறை அலுத்துக்கொண்டிருக்கிறார்கள். "இவங்களுக்கெல்லாம் நீங்க எவ்வளவு சொன்னாலும் புரியாது சார். ஒரு மாசமா என்னதான் பண்ணிக்கிட்டிருந்தாராம்?"

"துப்பாக்கி பாத்துக்கிட்டிருந்தாரும்மா."

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. எழுதிக்கோ."

"பேரு சொல்லுங்க."

அவர் தன் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது, நின்றது. பிறகு அந்தப் பெண் தணிந்த குரலில், "காலையில எட்டரைக்கெல்லாம் வந்துடுங்க சார். டாக்டர்கிட்ட நானே சொல்லி வைக்கறேன்," என்றாள்.