பிரிக்காத இரண்டு வயர்

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு படகுகளுக்கு ராடாரும் ரேடியோவும் விற்கிறோம் என்று சொன்னால் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. என் கணவர் அதற்கு ஒரு போர்டும் மாட்டியிருந்தார். கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டு, "மலையைச் சுத்தி கப்பலு வுடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு வராது.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ராயபுரத்தில் படகுச் சாமான் விற்கிற ஒரு கடையில் வேலை பார்த்தேன். அவரும் அங்கேதான் இருந்தார். எந்தப் படகுக்கு எந்த ரேடியோ, எந்த ஜிபிஎஸ், எதோடு எது ஒத்துப் போகும் என்று பார்த்து டிராயிங் போடுவது நான். படகில் ஏறி மாட்டுவது அவர். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வீட்டு மனை இங்கே இருந்ததால் இங்கே வந்தோம். வேலை மட்டும் கடலோரத்திலேயே இருந்தது. சாமானெல்லாம் முதலில் எங்கள் வீட்டுக்கு வரும். நான் ஒரு பிளைவுட் பலகையில் எல்லாவற்றையும் மாட்டி, ஒன்றோடொன்று பேச வைத்து, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு பிரித்துக் கட்டிக் கொடுத்தால் அவர் வேனில் ஏற்றிக்கொண்டு கடலூருக்கோ பழவேற்காட்டுக்கோ போவார்.

என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். "பொம்பளைங்க படகுல ஏறக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு இது இருக்குது. நான் என்ன பண்றது?" என்பார். நான் நம்பினேன். வருஷக்கணக்கில் நான் டிராயிங் போட்ட ஒரு படகைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை.

கடலூர் பக்கத்து மீனவர் ஒருவர் ஒவ்வொரு சித்ரா பௌர்ணமிக்கும் கிரிவலம் வருவார். வந்தால் எங்கள் வீட்டிலும் தலைகாட்டிவிட்டுப் போவார். ஒரு தடவை தன் மச்சினனோடு வந்தார். மச்சினன் என்றால் அவர் மனைவியின் தம்பி, புதிதாகக் கல்யாணம் ஆனவன். புதுப் படகு கட்டுகிறார்களாம். எல்லாம் வேண்டும் என்றார். ராடார் கட்டாயம் வேண்டும் என்றார்.

"அண்ணே, உங்க படகு சைசுக்கு ராடார் பேட்டரியத்தான் தின்னும். அதுக்குப் பதிலா ரேடியோவுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் தனி பேட்டரி வையுங்க, ஆண்டெனா கேபிள் நல்லதா போடுங்க," என்றேன்.

"இல்லம்மா. ராடாரு இருக்கணும்."

"அப்படின்னா சின்னதா, மூடினது ஒண்ணு வருது. வட்டமா, தவலை கவுத்த மாதிரி இருக்கும். அது போதும்."

"உள்ள சுத்துனா யாருக்குத் தெரியும்? சுத்தறது வெளிய தெரியணும்மா. மீனவர் சங்கத் தலைவரு வந்து ரிப்பன் வெட்டப் போறாரு."

என் கணவர் உள்ளே வந்து, "அவருக்கு என்ன புடிக்குதோ அத குடுப்போம். நீ கடல பாத்திருக்கியா?" என்றார். அவர்கள் முன்னாலேயே சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு பெரிய ராடாருக்கே டிராயிங் போட்டேன்.

ரேடியோவில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ரேடியோவில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், மேலே ஒரு சின்ன மூடியோடு. ஆபத்து என்றால் மூடியைத் தூக்கி அமுக்கிப் பிடிக்க வேண்டும். சுற்றிலும் போகிற படகுகளின் ரேடியோவில் அலாரம் அடிக்கும். கூடவே நம் படகு எங்கே இருக்கிறது என்ற எண்களும் அவர்கள் திரையில் வரும். ஆனால் ரேடியோவுக்குத் தன் இடம் தானாகத் தெரியாது. சில ரேடியோவில் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும். அந்த மாதிரிதான் நான் எழுதிக் கொடுத்தேன். அது ஸ்டாக் இல்லை என்று என் கணவர் வேறொன்றை எடுத்து வந்தார். அதில் ஜிபிஎஸ் இல்லை. பரவாயில்லை, பின்னால் மெல்லிசாக இரண்டு வயர் தொங்கும், அதை ஜிபிஎஸ்ஸில் சேர்த்துவிட்டால் போதும். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு நிறம் வைப்பான் என்பதால் எந்த நிறம் எதோடு என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பலகையில் எல்லாம் மாட்டிய அன்று அவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். ராடாரை மொட்டை மாடியில் வைத்து ஓட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். திரையில் ஒரு பக்கம் முழுக்க மலை அப்பிக்கொண்டு நின்றது. படகுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மச்சினன் ராடாரைப் பார்க்கவே இல்லை. ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, இத அமுக்குனா எடம் தானா போயிடுமா? நான் ஒண்ணும் சொல்ல வேணாமா?"

"பட்டன அமுக்கு. அப்புறம் வாயாலயும் சொல்லு. ஆனா சொல்ல முடியலைன்னாலும் எடம் போயிடும்."

ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டான். குடிக்க என்று நினைத்துக் கொடுத்தேன். கையை அதில் நனைத்துக்கொண்டு, ஈரக் கையோடு அந்த மூடியைத் திறந்து திறந்து பார்த்தான். "வழுக்குது. பழகிக்கணும்," என்றான். என்னிடம் வந்தவர்களில் அப்படி யோசித்தவன் அவன் ஒருவன்தான்.

மாட்டுவதற்கு என் கணவர் போனார். படகு இறக்குகிற நாள் காலையில் போன் செய்தார். முடிந்துவிட்டது, ராடார் ஜோராகச் சுற்றுகிறது என்றார்.

"ரேடியோ திரையில நம்பர் வருதா? லாட்டிட்யூட், லாங்கிட்யூட்?"

"வருது, வருது. வைய்யி, தலைவரு வந்துட்டாரு."

ஐப்பசி மழையில் அந்தப் படகில் தண்ணீர் ஏறியது. புரொபெல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் அடைப்பு விட்டுப்போய், இன்ஜின் அறை நிறைந்துவிட்டது. மச்சினன்தான் ரேடியோவுக்கு ஓடியிருக்கிறான். பட்டனை அமுக்கியிருக்கிறான். தூரத்தில் இருந்த படகுகளில் அலாரமும் அடித்திருக்கிறது. இடம் போய்விட்டது என்று நம்பி, அவன் மைக்கைத் தொங்க விட்டுவிட்டுத் தண்ணீர் இறைக்க இறங்கிவிட்டான். அந்தப் படகுக்காரர்கள் திரையில் எண் இல்லை. "எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க" என்று கத்தியிருக்கிறார்கள். அதைக் கேட்டு யாராவது மேலே ஏறி வருவதற்குள் பேட்டரி முழுகிவிட்டது. படகு பாதி முழுகியும் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களை மறுநாள்தான் தேடிப் பிடித்தார்கள். மச்சினன் மட்டும் இல்லை. அவன் உடம்பு வேறொரு குப்பத்தில் ஒதுங்கியது.

காரியமெல்லாம் முடிந்து படகுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "பட்டன அமுக்குனான் சார். எல்லாரும் கேட்டாங்க. எடம் போவலியே, ஏன் சார்?" என்று கேட்டார்.

என் கணவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான் மாட்டறவன்தாண்ணே. டிராயிங் அவ போட்டது. அதுல இருந்தபடிதான் மாட்டினேன்."

எனக்கு அந்த நேரத்தில் கோபம்கூட வரவில்லை. என் டிராயிங்கில்தான் தப்போ என்று பயம் வந்தது. அந்தப் படகை நான் பார்க்க வேண்டும் என்றேன். என் கணவர், "அங்க பொம்பளைங்க..." என்று ஆரம்பித்தார். படகுக்காரர், "வரட்டும் சார்," என்றார்.

மறுநாள் படகுக்காரரோடு பஸ்ஸில் போனேன். கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேலே ராடார் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. நான் ஏணிக்குப் பக்கத்தில் தயங்கி நின்றேன்.

"ஏறும்மா. ஏன் நிக்கற?"

"நாங்க ஏறக் கூடாதுன்னு..."

"யாரு சொன்னது? மொத பூஜையே என் சம்சாரம் மேல ஏறித்தான் பண்ணா."

அதையும் விழுங்கிக்கொண்டு ஏறினேன். ரேடியோவைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினேன். அந்த இரண்டு வயரும் பெட்டியில் வந்தபடியே இருந்தன. மடித்துச் சுற்றி, கம்பெனிக்காரன் போட்ட கறுப்புக் கட்டுக்கம்பியோடு அப்படியே கிடந்தன. யாரும் பிரிக்கக்கூட இல்லை. என் கணவர் ரேடியோவை ஒரு பக்கமும் ஜிபிஎஸ்ஸை எதிர்ப்பக்கமும் மாட்டியிருந்தார். நடுவில் ஒரு ஓட்டை போட்டு வயரை இழுத்திருக்க வேண்டும். அதற்கு அவருக்கு நேரமில்லை.

படகுக்காரரிடம் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து அந்த வயரைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னிக்கி சாரு சொன்னாரும்மா, இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குது, டிரில் எடுத்தாறேன்னு. நான்தான், தலைவரு வந்துட்டாரு, மேல போய் ராடார சுத்த வுடு, மத்தது அப்புறம் பாத்துக்கலாம்னேன்."

நான் ரேடியோவைக் கீழே வைத்தேன்.

"இது என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா அவ என் மூஞ்சிய பாக்க மாட்டா. அவ தம்பிம்மா அவன்." பிறகு என்னைப் பார்க்காமல், "சாரு சொன்னதே இருக்கட்டும்மா. நீங்க எங்கியோ இருக்கறீங்க. எங்க ஊருக்கு வரப் போறதில்ல. உங்களுக்கு என்ன வந்துடப் போவுது?" என்றார்.

கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அழுதுகொண்டுதான் கேட்டார். ஆனாலும் அவர் கேட்டது அதுதான்: அவர் வீடு நிம்மதியாக இருக்க, நான் ஒரு சாவைச் சுமக்க வேண்டும். சரி என்று நான் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம், "கட்டுகூடப் பிரிக்கல நீங்க," என்றேன். "நம்பர் வருதான்னு கேட்டேன். வருதுன்னீங்க."

"அடுத்த வாரம் போய் போடலாம்னுதான் இருந்தேன். வேலை வந்துடுச்சு."

"எம்மேல ஏன் போட்டீங்க?"

"அந்த நேரத்துக்கு வாயில வந்துடுச்சு. உனக்கென்ன, நீ கடலோரத்துக்கா போற? நான் போயி பொழைக்கணும் இல்ல?"

இரண்டு ஆண்களும் ஊர் விட்டு ஊர் ஒரே மாதிரி யோசித்தார்கள்.

அடுத்த சித்ரா பௌர்ணமி முடிந்த காலையில் ஒரு பெண் வாசலில் நின்றாள். கிரிவலம் சுற்றி வந்த கால், செருப்பில்லை, பாதமெல்லாம் புழுதி. கையில் ஒரு துணிப்பை. என் கணவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் யாரென்று சொல்லாமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"படகுக்கு டிராயிங் போட்டது நீங்கதானாக்கா?"

"ஆமா. உள்ள வாம்மா."

வரவில்லை. "அவரு உங்களப் பத்தி சொல்லியிருக்காரு. சொம்புல தண்ணி குடுத்தீங்களாம். வீட்டுக்கு வந்தும் கைய நனைச்சி நனைச்சி செஞ்சி காட்டுவாரு. சண்டை போட எல்லாம் நான் வரல. எதுல தப்பு பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

அவ்வளவு நாள் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. எல்லாரும் தெரிந்துகொண்டுவிட்டதாகவே நினைத்தார்கள். நான் அவளிடம் சொன்னேன். ரேடியோ என்றால் என்ன, இடம் எப்படிப் போகும், இரண்டு வயர் எங்கே சேர வேண்டும், சேர்க்காமல் விட்டது யார், எல்லாம் சொன்னேன். படகுக்காரர் அவசரப்படுத்தியதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில்தான் அவள் இன்னும் சாப்பிட்டாக வேண்டும்.

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு ஹாலைப் பார்த்தாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும்.

"அண்ணே," என்று அவள் கூப்பிட்டாள். "அக்கா சொல்றது நெஜமா?"

அவர் எழுந்து வந்தார். குரலைத் தணித்து, அவளுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "வுடும்மா. அவளும் அந்த நாள்ல இருந்து மனசு சரியில்லாமதான் இருக்கா," என்றார்.

அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"தப்பு பண்ணிட்டேன்னு சொல்லியிருந்தா சரின்னு போயிருப்பேன். உன் புருஷன் உசுரோட இருக்காரு, அதான் அவரு மேல பழி போட உனக்கு வாய் வருது," என்றாள். 'அக்கா' என்று கூப்பிட்டது போய்விட்டது. துணிப்பையை இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். "ஒரு காபியாவது..." என்று நான் பின்னால் போனேன். ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறிவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு நான் டிராயிங் போட்டதில்லை. அவர் இப்போது வீடுகளுக்கு கேமராவும் இன்வெர்ட்டரும் மாட்டுகிறார். நன்றாகவே போகிறது. ஊரில் அவருக்கு நல்ல பெயர். நான் சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே போனில் வேலை பார்க்கிறேன். படகில் மாட்டுகிறவர்கள் எங்கிருந்தாவது கூப்பிடுவார்கள், சந்தேகம் கேட்பார்கள். பாதிப் பேர் என் குரலைக் கேட்டதும், "சார் யாரும் இல்லீங்களா?" என்பார்கள். இல்லை என்பேன்.

நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கேஸ் தீர்ந்தது, மோட்டார் போடணும், உங்க அம்மா போன் பண்ணாங்க என்று பேசிக்கொள்கிறோம். அந்தப் பெண் இன்னொரு தடவை வந்தால் என்ன சொல்வேன் என்று சில சமயம் யோசிப்பேன். அதையேதான் சொல்வேன். அவள் வர மாட்டாள்.