முத்திரைகளை விற்றுக் கட்டிய வீடு

தம்பியின் தபால் முத்திரைகளை விற்கும்படி நான் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. என் முதுகெலும்பின் எக்ஸ்ரே படத்தை அவனுடைய மேசையில் வைத்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனேன். அவ்வளவுதான் செய்தேன். அவன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும்.

பத்தொன்பது வயதில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. யாரோ ஒருவரின் வயல்வட்டையிலிருந்து நெல்மூட்டை ஏற்றிவந்த உழவு மெசின் வரம்போரம் சரிந்தபோது, மூட்டைகளுக்கு மேலே இருந்தவன் அவன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவர் கிடந்தார். சவூதியில் இருந்த அவருடைய தம்பியிடமிருந்து ஒருநாள் கடிதம் வந்தது. உறையில் இருந்த முத்திரையை என் தம்பி கேட்டான். அவர் கிழித்துக் கொடுத்தார். அதுதான் முதலாவது. அவர் சுகமாகி வீட்டுக்குப் போன பிறகும், தெரிந்தவர்களிடமெல்லாம் வெளிநாட்டு உறைகளைச் சேர்த்து, மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரை நானா என்றே கூப்பிட்டோம்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு நானும் தம்பியும் அமிர்தகழியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். அவன் அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீசு படித்தான். முத்திரை சேர்ப்பவர்களுக்கு உலகம் முழுக்கக் கடிதம் எழுதினான். தன்னிடம் இரண்டாக இருப்பதை அனுப்பி, இல்லாததை வாங்கினான். எழுதி, தானே ஒட்டி, என் கையில் தருவான். நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால் கந்தோரில் போடுவேன். தெற்கே காலி நகரத்தில் இருந்த ஒரு சிங்களப் பெரியவரோடு பதினாறு வருடம் அப்படி எழுதிக்கொண்டான். ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. அவர் இறந்தபோது அவருடைய மகள் நான்கு பழைய அல்பங்களைப் பொதி செய்து அனுப்பியிருந்தாள். அப்பா சாகுமுன் உங்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னார் என்று ஒரு துண்டுக் கடிதமும் உள்ளே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து இலங்கை முத்திரைகள். பல்லு வெட்டாத ஓரம், மங்கிய நிறம், சின்ன ராணித் தலை. அவற்றைத் தொடும் நாட்களில் தம்பி இரண்டுமுறை கை கழுவுவான்.

அந்த வீட்டுக்கு முன்னால் நான்கு படி. பின்னால் குளியலறைக்கு இறங்க இரண்டு படி. குளியலறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. காலையிலும் பின்னேரத்திலும் நான்தான் அவனைத் தூக்கினேன். முதலில் அது பாரமாகத் தெரியவில்லை. எனக்கு நாற்பத்தைந்து வயதான பிறகு தெரிந்தது.

தன்னாமுனையில் அம்மா எனக்குத் தந்த வளவுக் காணி ஆற்றோரமாகச் சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கட்டப்போகும் வீட்டைப் பற்றிப் பேசுவோம். "படி இரிக்கக் கூடாது அக்கா. ஒரு படியும்," என்பான். விறாந்தை ஆற்றைப் பார்க்க வேண்டும், குசினி வாசல் அகலமாக இருக்க வேண்டும், குளியலறைச் சுவரில் பிடிக்கக் கம்பி வேண்டும். அறைகளின் அளவுக்காகச் சண்டையும் பிடிப்போம். பேசி முடிந்ததும் நான் சோறாக்கப் போவேன். என் சம்பளம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சரியாக இருந்தது.

எக்ஸ்ரே படம் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "நானாட்டச் சொல்லி, கொழும்பில முத்திரை வாங்குற ஆள் ஆரும் இரிக்காங்களா எண்டு விசாரி."

"வேணாண்டா. அந்தக் காலிக்காரர் உன்ன நம்பித் தந்தது."

"வேணாமெண்டா அந்தப் படத்த ஏன் இஞ்ச கொண்டு வச்சாய்?"

நான் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நானா ஆளைத் தேடிப் பிடித்தார். ஆனால் வரும் நாளுக்கு முதல்நாள் தம்பி வேண்டாம் என்றான். பிறகு சரி என்றான். மறுபடியும் வேண்டாம் என்றான். ஆறு மாதம் இப்படிப் போனது. எனக்குள்ளும் அதே இழுபறிதான். அவன் பூதக்கண்ணாடியோடு குனிந்திருப்பதைப் பார்த்தால், இதை விற்பதைவிட என் முதுகு முறிந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும். அவனைத் தூக்கும்போது, இந்தக் கடதாசித் துண்டுகளில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இரண்டும் ஒரே நாளில் தோன்றும்.

கடைசியில் ஒரு காலையில் குளியலறைப் படியில் என் கால் வழுக்கியது. இரண்டு பேரும் ஈரச் சீமெந்தில் விழுந்தோம். என்னால் எழும்ப முடியவில்லை. அவனால் எப்போதுமே முடியாது. பக்கத்து வீட்டாருக்குச் சத்தம் கேட்கும் வரைக்கும் அப்படியே கிடந்தோம். முதலில் அவன் சிரித்தான். "ரெண்டு பேரும் இப்ப ஒரே மாதிரி," என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அந்த ஆள வரச்சொல்லு அக்கா. இனி நான் மாத்திச் சொல்லமாட்டன்," என்றான்.

வாங்க வந்தவர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தம்பி மடகஸ்கரின் வண்ணத்துப்பூச்சிகளையும், ருமேனியாவின் ரயில்களையும், பின்லாந்தின் பனிக்காடுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். அவர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். காலிக்காரரின் அல்பங்களைத் திறந்ததும் நாற்காலியை இழுத்து மேசைக்குக் கிட்டப் போட்டார். ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. "எனக்கு இந்த நாலும் போதும். மற்றதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்," என்றார்.

தம்பி நான்கையும் சீலையால் துடைத்து, தானே பொதி செய்து கொடுத்தான். அவர் போனதும் நானாவைக் கூப்பிட்டான். "மிச்சத்த ஓட்டமாவடியில உங்கட மச்சான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க நானா. புள்ளைகள் பாக்கட்டும்."

நானா என்னைப் பார்த்தார். "தம்பி, அவர்தான் வச்சிரிக்கச் சொன்னாரே."

"பாதி போன பிறகு மிச்சத்த வச்சிரிக்கிற எப்பிடியெண்டு எனக்குத் தெரியும் நானா. இன்னொரு தரம் ஏலாது."

முப்பத்தியொரு அல்பம் நானாவின் மகனுடைய ஓட்டோவில் போனது.

அந்தக் காசில் தன்னாமுனை வளவில் வீடு ஒன்பது மாதத்தில் எழும்பியது. குடிபுகுந்த அன்று தம்பி ஒருவரின் உதவியும் இல்லாமல் அறையிலிருந்து விறாந்தைக்கு வந்தான். விறாந்தையிலிருந்து குளியலறைக்குப் போனான். பிறகு குசினிக்குள் வந்து நாற்காலியை நிறுத்தினான். பழைய குசினிக்குள் நாற்காலி நுழையாததால், விபத்துக்குப் பிறகு நான் சமைப்பதை அவன் கண்டதேயில்லை. நான் மீன் வெட்டுவதைப் பார்த்து, "செதிலெல்லாம் தலைமயிரில தெறிச்சுக் கிடக்கு அக்கா," என்று சிரித்தான். அன்று முழுக்க வீட்டுக்குள் சக்கரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் மீன் வெட்டியதில்லை.

ஒரு மாதம் அப்படி இருந்தது. பிறகு சத்தம் குறைந்தது. அவன் விறாந்தையில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பான். தோணிகள் போகும், வரும். மேசையில் ஒன்றுமில்லை. கடிதங்கள் மட்டும் முந்தி மாதிரியே வந்தன. பிரித்து வாசித்துவிட்டு வைத்துவிடுவான்.

"பதில் எழுதன்டா," என்றேன்.

"மாத்தி அனுப்ப முத்திரை இல்லாம என்னத்த எழுதுற?"

"திரும்பச் சேக்கலாம். நானாவும் கொண்டு வருவார்."

"இப்ப வெளிநாட்டுக்குப் போனவங்க ஆரு அக்கா வீட்டுக்குக் கடிதம் எழுதுறாங்க?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதன்பிறகு நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குடிபுகுந்து பதினான்காவது மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமி ஏறியிருந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்து போய்விட்டான். இப்படிப்பட்டவர்களுக்குச் சிறுநீரகம்தான் கடைசியில் கைவிடும், இவ்வளவு காலம் இருந்ததே உங்களுடைய கவனிப்பால்தான் என்றார் டொக்டர். முத்திரைகள் இருந்திருந்தால் இன்னும் இருந்திருப்பானா என்று அவரிடம் கேட்க முடியுமா? நானாவிடம் கேட்டேன். அவர், "தங்கச்சி, தம்பி வீட்டுக்காக அதக் குடுக்கல்ல. உங்கட முதுகுக்குத்தான் குடுத்தவர். அத நீங்க குத்தமா எடுக்கக் கூடாது," என்றார். நான் தலையாட்டினேன். ஆனாலும் குற்றமாகத்தான் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு, அவனுடைய விலாசக் கொப்பியை எடுத்து, கடைசி வரைக்கும் எழுதிக்கொண்டிருந்த ஏழு பேருக்கும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எழுதினேன். தம்பி இறந்துவிட்டான், முப்பது வருடத்துக்கு மேல் நடக்க முடியாமல் இருந்தவன், உங்கள் கடிதங்கள் அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன என்று எழுதினேன்.

மூன்று பேர் பதில் போட்டார்கள். பின்லாந்தில் இருக்கும் ஒரு வயதான பெண்ணின் கடிதம் நீளமானது. அவன் நடக்க முடியாதவன் என்பது தனக்குத் தெரியவே தெரியாது என்று எழுதியிருந்தார். விடியமுதல் தோணி வலித்துக்கொண்டு போய் இறால் வலை இழுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறானாம். மாமாங்கக் கோயில் திருவிழாவில் சனத்துக்குள் நெருக்குப்பட்டு ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு நடந்து வந்ததை எழுதியிருக்கிறானாம். வெள்ளாமை வெட்டும் காலத்தில் தன் அக்காவுக்கு முதுகுவலி என்பதால் அவளை வேலை செய்ய விடாமல், தானே எல்லா மூட்டையும் தூக்கியதாகவும் ஒருமுறை எழுதியிருக்கிறான்.

எங்களுக்கு வயலே இல்லை.

அந்தப் பெண் கடைசியில், அவன் எழுதிய கடிதங்கள் எல்லாம் தன்னிடம் பத்திரமாக இருக்கின்றன, விரும்பினால் அனுப்பி வைக்கிறேன் என்று எழுதியிருந்தார். அனுப்பச் சொல்லி எழுதலாமா வேண்டாமா என்று நாலு மாதமாக யோசிக்கிறேன். பதில் இன்னும் போடவில்லை.