உட்கார்ந்த இடத்தில் போட்ட டிக்

வாக்காளர் பட்டியல் கைக்கு வந்த அன்று காலையிலேயே சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன். எந்த வீட்டில் ஓட்டுக் கேட்டு முடிக்கிறேனோ அந்த வீட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு டிக் போட வேண்டும், ஒரு வீடு விடக் கூடாது என்பது என் திட்டம். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். பட்டியல் இல்லாமல் பல் விளக்கக்கூட எனக்கு வராது என்று என் மனைவி சொல்வாள். தெருவில் இறங்குவதற்கு முன்பே முதல் டிக்கைப் போட்டேன். அது என் வீட்டுக்கு. மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இரண்டே ஓட்டுதான், நானும் என் மனைவியும். காப்பி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்து என்ன டிக் என்று கேட்டாள். நம்ம வீடு முடிந்தது என்று சொன்னேன். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். காப்பியில் சீனி இல்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முன் ஒரு முறை கவுன்சிலராக இருந்திருக்கிறேன். ஐந்து வருடம் முடிந்து, பிறகு பல வருடம் தேர்தலே நடக்காமல் கிடந்து, மறுபடி அறிவிப்பு வந்தபோது எனக்கு அறுபது நெருங்கியிருந்தது. முதல் முறை நின்றபோது எனக்குக் கும்பிடவே தெரியாது. முதல் வீட்டு வாசலில் ஒரு அம்மா வெளியே வந்ததும் கை தானாக நெற்றிக்குப் போய், விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டேன். அந்த அம்மா பயந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கூட வந்தவர்கள் நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஆனால் அந்தச் சல்யூட்தான் என்னை ஜெயிக்க வைத்தது என்று இன்றும் எங்கள் வார்டில் பேச்சு உண்டு. இரண்டாம் முறை நான் கும்பிட்டபோது, "அண்ணாச்சி, பழையபடி ஒரு சல்யூட் அடிங்க, அப்பதான் ஓட்டு" என்று கேட்டு வாங்கினார்கள்.

என் முதல் ஐந்து வருடத்தைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். ஐந்தருவிக்குப் போகிற சாலையிலிருந்து பிரிகிற எங்கள் வார்டில் ஆறு தெரு. ஐந்து தெருவுக்குச் சிமென்ட் சாலை, சாக்கடைத் தண்ணீர் போக மூடிய வாறுகால், விளக்கு எல்லாம் கொண்டுவந்தேன். ஆறாவது தெரு எங்கள் தெரு. கவுன்சிலர் தன் வீட்டு வாசலைத்தான் முதலில் பார்த்துக்கொள்கிறான் என்று ஒருத்தன் வாயிலும் வரக் கூடாது என்று அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கடைசி வருவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. வாறுகால் திறந்தபடியே கிடந்தது. வீட்டுக்கு வீடு ஒரு கல்லைப் போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தோம். அதையும் நான் மேடையில் பெருமையாகச் சொல்வேன். என் வாசலில் வந்து பாருங்கள், இன்னும் கல்தான் கிடக்கிறது என்பேன். கை தட்டுவார்கள்.

எனக்கு எதிராக நின்றது அருவிக்கரையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். சீசன் நேரத்தில் கடை போடும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்று வருடக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், கேட்டுப் பார்த்து அலுத்துத் தானே நின்றுவிட்டாள். இருவருமே சுயேச்சை. சின்னம் ஒதுக்கியபோது எனக்குப் பூட்டு சாவி கிடைத்தது, அவளுக்குச் சீப்பு. எனக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. இவர் தலையில் அந்தச் சீப்புக்கு வேலையே இல்லை என்று ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். மைக் கட்டிய ஆட்டோவில் அதையே சொல்லிப் பேசினேன். என் தலையைத் தடவிக்கொண்டு பேசும்போது கிடைத்த கைதட்டல் சாலை போட்டதற்குக்கூடக் கிடைத்ததில்லை.

சின்ன வார்டில் ஓட்டுக் கேட்பது தனி வித்தை. எல்லோருக்கும் என்னைத் தெரியும், எனக்கும் எல்லோரையும் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, வாயைத் திறந்து கேட்க வேண்டும். அதுதான் மரியாதை. அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் வீடு பூட்டிக் கிடந்ததால் நோட்டீஸை மட்டும் கதவில் சொருகிவிட்டு வந்தேன். மறுநாள் அவர் என் துண்டுக் கடைக்கே வந்து, காகிதத்துக்கா நான் ஓட்டுப் போட என்று ஒரு பிடி பிடித்தார். கடையிலிருந்து அவரோடு அவர் வீடு வரை நடந்து போய், அவர் உள்ளே போய்க் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த பிறகு, புதிதாக வந்தவன் மாதிரி கும்பிட்டுக் கேட்டேன். அவருக்குப் பரம திருப்தி. இதையெல்லாம் கரைத்துக் குடித்தவன் நான் என்று எனக்கு நினைப்பு.

இரண்டாவது நாள் அந்தச் சிப்ஸ் கடைக்காரி எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்க வந்தாள். என் வீட்டுக்கும் வந்தாள். எதிர்த்து நிற்பவர் வீட்டிலும் போய்க் கேட்பது எங்கள் பக்கத்துப் பண்பு. நான் வாசலுக்கு வந்து, வாங்க வாங்க என்று சொல்லி, என் ஓட்டு உங்களுக்குத்தான் என்று கிண்டலாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு வேறு யாரோ கூப்பிட, நான் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டேன்.

மறுநாள் காலை இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

"நேத்து அவ அடுக்களை வரைக்கும் வந்து, அக்கா உங்க ஓட்டையும் கேட்டுக்கிடுதேன்னு கேட்டுட்டுப் போனா."

கெட்டிக்காரிதான் என்று சொல்லி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க கேக்கலையே."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று பார்த்தால், முகத்தில் விளையாட்டு இல்லை. அப்படியானால் நீ யாருக்குப் போடுவாய் என்று கேட்டேன். ரகசிய ஓட்டு, அதை வெளியே சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே மைக்கில் சொல்கிறீர்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவளிடம் கையைக் கூப்பி ஓட்டுக் கேட்க வேண்டுமா? கேட்க மாட்டேன் என்று மனதுக்குள் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்தத் தீர்மானம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வார்டில் சில நூறு ஓட்டுத்தான், போன முறையே மயிரிழையில் வந்தவன். அதைவிட, என் வீட்டு ஓட்டே எனக்கு இல்லை என்றால் ஊருக்குள் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? சுற்றி வளைத்து முயன்றேன். அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் என் நோட்டீஸை வைத்தேன். அந்தக் காகிதத்தில் அப்பளத்தை மடித்து வைத்திருந்தாள். தென்காசிக்குப் போனபோது அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தேன். ஓட்டுக்கு இனிப்புக் கொடுப்பது குற்றம் என்று சொல்லி, பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பிரச்சாரத்தில் என் நோட்டீஸ் கட்டைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனபோதுகூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வரவில்லை.

பிரச்சாரம் முடிகிற நாள் சாயங்காலம். கடைசித் தெரு எங்கள் தெரு. இருபது பேர் கூட வந்தார்கள். ஆட்டோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீடு வரைக்கும் கேட்டாயிற்று. நம்ம வீடுதானே, தாண்டிப் போவோம் என்று கூட வந்தவர் சொன்னார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தேன். எல்லா டிக்கும் நடந்து போட்ட டிக். என் வீட்டு டிக் மட்டும் உட்கார்ந்த இடத்தில் போட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். கல்லைத் தாண்டி என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் கும்பிட்டேன்.

"பூட்டு சாவிக்கு ஓட்டுப் போடணும்னு கேட்டுக்கிடுதேன்."

கூட்டத்தில் ஒருவன் விசில் அடித்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"போட்டா எங்க தெருவுக்கு என்ன செய்விய?" என்று கேட்டாள்.

வாறுகாலுக்கு மூடி போடுவேன் என்றேன். போன ஐந்து வருடம் ஏன் போடவில்லை என்றாள். என் தெருவை முதலில் செய்தால் நாலு பேர் பேசுவார்கள் என்று மேடைப் பதிலையே சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. அவள் கோணலாகக் கூடியிருந்த இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அந்தக் கல்லு வழுக்கித்தான் இந்தக் கை முறிஞ்சுது. பாத்ரூம்ல விழுந்துட்டேன்னு ஊரு பூரா சொன்னியளே. அந்த நாலு பேரும் எனக்குக் கையப் பிடிச்சு விட்டாங்களா?"

உண்மை அதுதான். நான் கவுன்சிலராக இருந்த மூன்றாம் வருடம், சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் அந்தக் கல்லில் வழுக்கி வாறுகாலில் விழுந்தாள். தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, யார் கேட்டாலும் பாத்ரூம் என்று சொல் என்று அவளிடம் சொன்னேன். கவுன்சிலர் மனைவி கவுன்சிலர் வாசல் வாறுகாலில் விழுந்தாள் என்றால் என் மானம் போய்விடும் என்று பட்டது. வலியில் இருந்தவள் சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன், மறந்தவன் நான்தான்.

கூப்பிய கையை இறக்கினேன். தப்புதான், ஜெயித்தால் முதல் வேலை இந்த வாறுகால் என்றேன். அவள் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு வார்டில் எல்லோரும் எனக்குச் சொல்லும் பதிலையே சொன்னாள்.

"பாப்போம்."

ஓட்டுப்போட்ட அன்று இருவரும் சேர்ந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெண்கள் வரிசையில் இருந்து அவள் வெளியே வந்தபோது, மை வைத்த விரலைத்தான் காட்டினாள், வேறு ஒன்றும் காட்டவில்லை. எண்ணிக்கை அன்று என் சட்டை முழுக்க வேர்வை. இரண்டு முறை எண்ணினார்கள். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன். சிப்ஸ் கடைக்காரி வந்து கை கொடுத்துவிட்டு, கழிப்பறை விஷயத்தை விட மாட்டேன் அண்ணாச்சி என்று சொல்லிப் போனாள். மாலையோடு வீட்டுக்கு வந்து, எனக்கா போட்டாய் என்று கேட்டேன். வாறுகால் முடியட்டும், சொல்லுகிறேன் என்றாள்.

முதல் கூட்டத்திலேயே வாறுகாலைக் கேட்டேன், கூடவே அந்தக் கழிப்பறையையும். ஒரு உறுப்பினர் சிரித்துக்கொண்டே, என்ன அண்ணாச்சி, இந்தத் தடவை சொந்தத் தெருவில் இருந்தே ஆரம்பிக்கிறீர்களே என்றார். எத்தனையோ வருடம் நான் பயந்துகொண்டிருந்த பேச்சு அதுதான். எழுந்து நின்றேன்.

"என் வீட்டம்மா அந்த வாறுகால்ல விழுந்துதான் கை முறிஞ்சுது. பாத்ரூம்னு நான் சொன்னது பொய்."

யாரும் சிரிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பேச்சு நான் வீடு திரும்புவதற்கு முன்பே அவள் காதுக்குப் போயிருந்தது. அன்றைக்குக் காப்பியில் சீனி கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

சீசன் தொடங்குவதற்கு முன் வேலை முடிந்தது. மூடி போட்ட வாறுகாலின் மேல் அவள் ஏறி நின்று, காலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றாள். இப்போதாவது சொல் என்றேன்.

"அவளுக்குத்தான் போட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க வருததுக்கு முன்னாலயே அவ வந்துட்டா. அடுக்களையில நின்னு என் கையப் பாத்து, இது எப்படி ஆச்சுக்கான்னு கேட்டா. ஒருத்தரும் கேட்டதில்ல. போடுதேன்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்ல மாத்த முடியுமா?"

பிறகு எதற்கு என்னை வாசலில் நிறுத்தி அத்தனை பேர் முன்னால் கேள்வி கேட்டாய் என்றேன். அவளுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது.

"ஜெயிச்சா செய்யணும்லா."

முதலில் கோபம்தான் வந்தது. மூன்று ஓட்டில் ஜெயித்தவன் நான். எனக்குப் போட்டவர்களில் இன்னும் இரண்டு பேர் இவளைப் போல மாற்றிப் போட்டிருந்தால் இன்றைக்கு நான் கடையில் உட்கார்ந்து துண்டு விற்றுக்கொண்டிருப்பேன். அப்படி நினைத்துப் பார்த்ததும், எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து என்ன என்று பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

உள்ளே போய்ப் பழைய வாக்காளர் பட்டியலைத் தேடி எடுத்தேன். அத்தனை டிக்கில் எத்தனை உண்மை என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் பொய் என்று நிச்சயமாகத் தெரியும். சிவப்பு மைப் பேனாவால் அவள் பெயருக்கு நேரே இருந்த டிக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, சரிதான் என்று சொல்லிவிட்டு, வாசலில் புது மூடியின் மேல் கோலம் போடப் போனாள்.