செட்டில் கேட்ட ‘உடு’

1. உத்தரவு

ராணுவத்தில் நான் ரேடியோ ஆபரேட்டர். காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்வதுதான் வேலை. அதில் ஒரே ஒரு முறை பொய் சொன்னேன். அதனால் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எல்லையில் சண்டை. மலை உச்சிப் போஸ்ட்டில் நாங்கள் ஆறு பேர். எங்களுக்குத் தலைவர், நாயக் பதவியில் இருந்த முத்து, பிச்சாவரம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. மாமா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் மோர்ட்டார் குண்டு விழுந்து கடலூர் அந்தோணியின் தொடை கிழிந்தது. பங்கருக்கு நாற்பது அடி தள்ளி, திறந்தவெளியில் கிடந்து கத்தினான்.

கீழ்ப் போஸ்ட்டில் இருந்த கேப்டன் வடநாட்டுக்காரர். எங்களிடமே தமிழ் கற்றவர். ‘விடு’ என்பதை எங்களைப் போலவே ‘உடு’ என்பார். ரேடியோ செட்டில் அவர் குரல் தெளிவாக வந்தது.

“அவன உடு! எல்லாரும் கீழ எறங்கு!”

“என்னாடா சொல்றாரு?” என்றார் மாமா.

“அந்தோணிய உட்டுட்டு எறங்கணுமாம் மாமா.”

“இந்தியில உட்டாவ்னா தூக்குன்னுதான அர்த்தம்? எனக்கு அப்புடித்தான் கேட்டுச்சு. செட்ட ஆஃப் பண்ணு.”

இரண்டு பேரை எல்.எம்.ஜி. இயந்திரத் துப்பாக்கியில் உட்காரவைத்தார். “நான் திரும்புறதுக்குள்ள சுடுறத நிறுத்துனீங்க, வந்து ஒதைப்பேன்” என்று சொல்லிவிட்டுத் தவழ்ந்து போனார். அந்தோணியின் பெல்ட்டைப் பிடித்து இழுத்து வந்தார். பாதி வழியில் தோளில் குண்டுச் சில்லு பாய்ந்தது. கையை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அன்று ஆறு பேரும் உயிரோடு கீழே இறங்கினோம்.

2. விசாரணை

உத்தரவை மீறினால் கோர்ட் மார்ஷல். ‘உட்டாவ்’ என்றுதான் கேட்டது என்றார் மாமா. நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேப்டன் வாயே திறக்கவில்லை. திறப்பாரா? குண்டு மழையிலும் காயம்பட்டவனைத் தூக்கிவர உத்தரவிட்டார் என்று அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். வெட்கங்கெட்ட மனுஷன், சிரித்துக்கொண்டே வாங்கினார். மாமாவுக்குக் கிடைத்தது தோளில் ஒரு தழும்பு.

3. அந்தோணி வீடு

போன மாதம் கடலூரில் அந்தோணி வீட்டுக்குப் போனேன். ஹாலில் மாதா படத்துக்குக் கீழே கேப்டன் படம்.

“இவரு மட்டும் தூக்குன்னு சொல்லலன்னா நான் அங்கியே போயிருப்பேன்டா” என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

அந்தோணி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான்.

“முத்து மாமா மூணு தடவ இந்த வூட்டுக்கு வந்துருக்காரு. அவருகிட்டயே கேப்டனப் பத்திப் பெருமையடிச்சேன். சிரிச்சிக்கிட்டே டீ குடிச்சிட்டுப் போனாரு. தெரிஞ்சும் நீ ஏண்டா சொல்லல?”



விசாரணையில் பொய் சொன்னது மாமாவைக் காப்பாற்ற. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மாமா பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்தபின் யாரும் அவரை எதுவும் செய்திருக்க முடியாது. அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாரைக் காப்பாற்ற? செட்டில் உட்காரப் போகிற தம்பிகளே, பதக்கம் வாங்கிய கேப்டனை இத்தனை வருடம் திட்டினேன். அவரும் நானும் செய்தது ஒரே காரியம்தான்.