நீங்க இறங்கி நடங்க

இந்த ஊர் பஸ்காரர்களுக்குக் கண் இருக்கிறதா என்பது எனக்கு இன்னமும் சந்தேகம்தான். நோர்வேயின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற சின்னப் பட்டினம் எங்களுடையது. பனியில் சறுக்கிச் சறுக்கி நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, நேரம் வந்துவிட்டதென்று கதவைச் சாத்துவார்கள். உள்ளே இருக்கிற சனமும் வாய் திறக்காது. மட்டக்களப்பில் நான் ஏறின பஸ் எதுவும் இப்படி விட்டுவிட்டுப் போனதில்லை. "ஆள் வருது, நில்லுங்க!" என்று முன்பின் தெரியாத ஒருத்தி யன்னலுக்குள்ளால் கத்துவாள், கொண்டக்டர் தகரத்தில் தட்டுவார், சாரதி புறுபுறுத்துக்கொண்டாவது நிற்பார். இங்கே வந்து எத்தனையோ வருசம் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸிலேயே காலத்தை ஓட்டினேன்.

பிறகுதான் அந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்துக்கொண்டே பராமரிப்புப் படிப்பை முடித்திருந்தேன். எங்கள் பட்டினத்துக்கு எதிரே ஃபியோர்ட், அதாவது மலைகளுக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கிற கடல். அதற்கு அக்கரையில், வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிற வேலை. கார் ஓட்டியே ஆகவேண்டும். லைசன்ஸ் எடுத்து அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். வீட்டுக் காரைக் கிளப்புகிற திறப்பு மட்டும் என் மனுசனின் காற்சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததில்லை. "இந்த மலை ரோட்டு உனக்குச் சரிவராது புள்ள. நான்தானே கூட்டித் திரியிறன்" என்பார், என்னைப் பஸ்ஸுக்கு ஓடவிட்டுவிட்டு. நேர்முகத் தேர்வு நாளன்று, வந்த கோபத்தில் போய் ஒரு காரை வாடகைக்கு எடுத்தேன். என் பெயரில், என் கையெழுத்தில். "நானும் வாறன்" என்று அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். துணைக்கா காவலுக்கா என்று நான் கேட்கவில்லை.

ஃபேர்யே என்று இவர்கள் சொல்லும், கார் ஏற்றுகிற கப்பல் வந்து வாயைத் திறந்தது. அவர் பெல்ட்டைக் கழற்றினார்.

"நீ இறங்கி நட. நான் ஏத்துறன்."

ஊர்ப் பழக்கம் அப்படியே வாயில் வந்துவிட்டது. எங்கள் மண்டூரிலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போக, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவை உண்டு. மோட்டார் சைக்கிளில் வந்த பெண்களும் பிள்ளைகளும் கரையிலேயே இறங்கி, நடந்துதான் ஏறுவோம். ஆண்கள் வண்டியை ஏற்றுவார்கள். கலியாணமான புதிதில் சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவருக்குப் பின்னால் அப்படி எத்தனை தரம் நடந்திருப்பேன்! அப்போது அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. வாவிக் காற்றில் நடப்பது சந்தோசமாகக்கூட இருந்தது. ஆனால் இன்றைக்கு இறங்கினால், வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் இறங்கவேண்டும். ஒவ்வொரு நாளும் இவரா வந்து ஏற்றித் தருவார்? எனக்கு ஓட்டத் தெரியும் என்று அக்கரையில் எந்த முகத்தோடு சொல்வது?

"இஞ்சேருங்க, நான் இறங்கமாட்டன்."

"விசர்க்கதை கதையாத. சறுக்கினா தண்ணிக்குள்ளதான்."

"பயமெண்டா நீங்க இறங்கி நடங்க."

ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள், மனுசன் உண்மையாகவே இறங்கிவிட்டார். இறங்கினவர் சும்மா நடந்தாரா? கப்பலுக்குள் பின்பக்கமாக நடந்துகொண்டு, உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை மடக்கி மடக்கி, "வரட்டும், வரட்டும்" என்று கூப்பிட்டார். மஞ்சள் சட்டை போட்ட கப்பல்காரன், கையை நிமிர்த்தி, மற்ற வரிசைக்கு வரச் சொன்னான். எங்களுக்கு 'வா' என்கிற கை அவனுக்கு 'போ' என்று விரட்டுகிற மாதிரித் தெரிந்திருக்கவேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு என் யன்னலுக்கு வந்தான்.

"அவர் உங்களுக்கு ஓட்டப் பழக்குகிறவரா?" என்று நோர்வே மொழியில் கேட்டான்.

"இல்லை, கணவர்."

"பிறகேன் வெளியே நிற்கிறார்? சண்டையா?"

"எங்கள் ஊரில் இறங்கி நடந்துதான் ஏறுவோம்."

அவனுக்கு விளங்கவில்லை. "பயப்படவேண்டாம், இது விழாது" என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லி, கப்பலின் இரும்பைத் தட்டிக் காட்டினான். வாவிக்கரையில் பிறந்தவளுக்குத் தண்ணீரைப் பற்றி வகுப்பெடுக்கிறானாம்! இவர் மேல் இருந்த எரிச்சலோடு அவன் மேல் வந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். இருவரும் முன்னால் போய் நின்று மறுபடியும் கைகாட்டத் தொடங்கினார்கள். என் கண் முதலில் போனது அவருடைய கவிழ்ந்த கைக்குத்தான். அதைப் பார்த்து வளர்ந்த கண். என் கை மட்டும் ஸ்டியரிங்கைக் கப்பல்காரன் காட்டின மற்ற வரிசைப் பக்கம் திருப்பியது. அதற்குள் இரண்டு பேரும் காருக்கு நேரே வந்து நின்றுகொண்டார்கள். யன்னலை முழுதாக இறக்கினேன்.

"ரெண்டு பேரும் விலகுங்க!"

கத்தியது தமிழில். நோர்வேக்காரன்தான் முதலில் விலகினான்.