காரில் லங்காவுக்கு

போன வாரம் என் மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, மூன்று நாள், ஒரு தீவு, வாடகைக் கார், கொஞ்சம் மலையேற்றம் என்று ஒரு திட்டத்தைக் காட்டினாள். நான் உடனே குடிக்கத் தண்ணீர் கேட்டேன். தீவு என்றால் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். அதற்குக் காரணம் என் சித்தப்பாவின் கல்யாணம்.

சித்தப்பா ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தார். அங்கேயே வேலை பார்த்த, கோதாவரிக் கரையில் பிறந்த பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு எங்கள் செகந்திராபாத் வீட்டுக்கு அழைத்து வந்தார். இரண்டு அறை, அவர்களையும் சேர்த்து ஏழு பேர். புதுச் சித்தியின் தமிழில் பாதி தெலுங்கு, மீதி சிரிப்பு. வந்த பத்தாம் நாளே நான் அவளுடைய ஆளாகிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சாயங்காலங்களில் அவர்கள் மொட்டைமாடியில், காயும் புடவைகளுக்கு நடுவே, ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஏதோ திட்டம் போடுவார்கள். காற்றில் புடவை விலகும்போது இரண்டு தலைகள் தெரியும். உடனே மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு நாள் இந்தப் பக்கம் நின்று காது கொடுத்தேன்.

"படகு மேல கார ஏத்திட்டா நேரா லங்காதான்," என்றாள் சித்தி. "கொஞ்ச தூரம் காரு, அப்புறம் நடை. மலை உச்சில உக்காந்தா நாலு பக்கமும் தண்ணி. ஒருத்தரும் வர மாட்டாங்க."

"ஒருத்தருமா?" என்றார் சித்தப்பா.

"ஒருத்தரும்."

எனக்குத் தெரிந்த லங்கா ஒன்றே ஒன்று. தசராவுக்கு மைதானத்தில் பத்துத் தலையோடு நிறுத்தி வெடி வைத்துக் கொளுத்துவார்களே, அவனுடைய ஊர். அடுத்தவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு போவதற்குப் பேர்போன ஊர். அங்கே சித்தியைச் சித்தப்பாவே பெட்ரோல் போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறார். ஆற்று நடுவில் கிடக்கும் எந்தத் திட்டையும் அவள் ஊரில் லங்கா என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தெருத் தெலுங்கில் ஆறே கிடையாது.

"சித்தி, லங்கா நக்கோ, வேண்டாம்," என்றேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

நோட்டை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். உலைக்கு அரிசி அள்ளிய அம்மா கண்டெடுத்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள், கடைசி ஆயுதமாக, தெர்மாமீட்டரை டீக்குள் விட்டு எடுத்து வாயில் வைத்துக்கொண்டு படுத்தேன். அப்பா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த ஜுரத்துக்கு இவன் இந்நேரம் வெந்திருக்கணுமே," என்றார்.

"கைக்குடா, ஏன்டா இப்படிப் பண்றே?" என்றாள் அம்மா.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சித்தியத் தனியா அனுப்பக் கூடாது."

"தனியா எங்கடா? நான்தான் கூடப் போறேனே," என்றார் சித்தப்பா.

"நீ மட்டும் பத்தாது, சித்தப்பா."

அம்மா உருகிவிட்டாள். "பாவம், புள்ள எவ்வளவு பாசமா இருக்கான். அவனையும் கூட்டிட்டுப் போங்களேன்."

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு துணி எடுத்துவைக்கப் போனேன்.

நண்பரிடம் கேட்டு வாங்கிய பழைய ஃபியட்டின் முன் சீட்டில், இருவருக்கும் நடுவே உட்கார்ந்து பகல் முழுக்கப் போனேன். மறுநாள் காலையில் கார் படகின் மேல் நின்றது. பனியில் ஆறு எது, வானம் எது என்று தெரியவில்லை. எஞ்சினை அணைத்த கார் சத்தமே இல்லாமல் மேகத்துக்குள் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. காவல் வந்தவன் என்பதை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். பிறகு பனிக்குள்ளிருந்து தென்னைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றுக்குப் பின்னால் மலை.

பாதை முடிந்த இடத்தில் காரை விட்டுவிட்டு ஏறினோம். உச்சியில் நாலு பக்கமும் தண்ணீர், வெயில் பட்டு அசையாமல் கிடந்தது. நிஜமாகவே ஒருத்தரும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஆளுக்கொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ராஜா, கீழ போய் படகுல எத்தன பேர் இருக்காங்கன்னு எண்ணிட்டு வாயேன்," என்றார் சித்தப்பா.

உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணினேன். "நாலு பேர்."

சித்தி முதலில் சிரித்தாள், பிறகு அவரும். அதன்பின் இரண்டு பேரும் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்கிறதாக்கும் என்று, ஒரு கையை மட்டும் விட்டுத் தடவிப் பார்த்தேன்.